ஃப்ரீசருக்குள் ஒரு முகூர்த்த நாள்

மதுரையில் எந்தக் காகிதத்தையும் எந்த மனிதனையும் நம்பாத ஒரே ஆத்மா யார் என்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சந்தேகம் சாரைக் கை காட்டுவேன். அவரோ நான் கை காட்டியதையும் நம்ப மாட்டார். பிறந்த தேதியைக் கேட்டால், "பள்ளிக்கூடத்துல எழுதுனது ஒரு தேதி, எங்கப்பா சொன்னது ஒரு தேதி. மூல ஆவணத்தைப் பாக்காம கருத்துச் சொல்ல முடியாது" என்பார். தனக்கு அறுபதாம் கல்யாணம் நடக்காமல் போனதற்கு இதுவே காரணம் என்று அவருடைய மனைவி ராஜம் அக்கா இன்றைக்கும் குறைப்படுவதுண்டு.

நிஜப் பெயர் அவர் வீட்டு வாசலில் பித்தளைப் பலகையில் பளபளக்கிறது. யாரும் படித்ததில்லை. காளவாசல் சிக்னலில் நிற்கிற எந்த ஆட்டோவிலும் ஏறி "சந்தேகம் சார் வீடு" என்றால், பரோட்டாக் கடைக்கு மேலே இருக்கிற அந்த மாடிக்குக் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். கள்ளக் கையெழுத்து, திருத்திய பத்திரம், நடுவில் ஒரு வரி நுழைத்த உயில், இதையெல்லாம் கண்டுபிடிக்கிற அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். இப்போது வக்கீல்கள் அவரைத் தேடி மாடி ஏறுகிறார்கள். மேசையில் ஒரு மைக்ராஸ்கோப், ஊதா வெளிச்சம் அடிக்கிற ஒரு விளக்கு, பல அளவில் டார்ச்சுகள். மற்றவர்கள் பேனா குத்தியிருக்கிற சட்டைப் பையில் அவர் லென்ஸ் வைத்திருப்பார்.

"உண்மையான கையெழுத்து ஓடும் தம்பி. காப்பி அடிச்ச கையெழுத்து நடக்கும்" என்று ஒருமுறை எனக்குப் பாடம் எடுத்தார். "நடக்குறவன் நடுவுல நின்னு மூச்சு வாங்குவான்ல? அங்கன மை தேங்கி நிக்கும். கோட்டுல நடுக்கம் தெரியும்."

"அப்ப ஒரு கையெழுத்தைப் பாத்தா உடனே சொல்லிருவீங்களா சார்?"

"எப்புடிச் சொல்ல முடியும்? ஒரே ஒரு நாள் போட்ட கையெழுத்தை வச்சு ஒரு மனுசனைச் சொல்ல முடியாது. கோபமா இருக்கையில போட்டது, அவசரத்துல போட்டது, சும்மா இருக்கையில போட்டதுன்னு பல நாள் மாதிரி வேணும்."

இந்த 'மாதிரி' என்ற வார்த்தையை அவர் ஆய்வு மேசையோடு விட்டிருந்தால் ராஜம் அக்கா நிம்மதியாக இருந்திருப்பார். சாம்பாரில் உப்புச் சரியாக இருக்கிறதா என்று கேட்டால், "மாதிரி போதாது. இன்னொரு கரண்டி ஊத்து" என்பார். இன்னொரு கரண்டி ஊற்றினால், "நேத்து வச்ச சாம்பாரு இருக்கா? ஒப்பிட்டுப் பாக்கணும்" என்பார்.

ஒரு சமயம் பக்கத்து வீட்டுப் பையனின் மார்க் ஷீட்டை அவனுடைய அம்மா இவரிடம் கொண்டுவந்தார். அப்பா கையெழுத்தைப் பையனே போட்டுவிட்டானோ என்று சந்தேகம். சார் லென்ஸை வைத்துப் பார்த்தார். "நிதானமா வரைஞ்ச கோடு. நெடுக நடுக்கம். ரெண்டு இடத்துல மை தேங்கியிருக்கு" என்றார். அந்த அம்மா அங்கேயே கரண்டியைத் தூக்கிக்கொண்டு பையனைத் துரத்த ஆரம்பித்துவிட்டார். சத்தம் கேட்டு அப்பா ஓடி வந்தார். "ஏய், அடிக்காத! போட்டது நான்தான். மார்க்கைப் பாத்தேன், கை நடுங்கிருச்சு!" எல்லோரும் சாரைத் திரும்பிப் பார்த்தோம். சார் அசரவில்லை. "நடுக்கம் இருக்குன்னு சொன்னேன். பொய்யின்னு சொன்னேனா?"

இந்த மனிதரிடம்தான் நான் என் மகளுக்கு வந்த மாப்பிள்ளையின் ஜாதகத்தைக் கொண்டுபோனேன். விளையாட்டுக்குத்தான். ஊரையே கேலி பேசுகிறவன் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதைக் காப்பாற்ற வேண்டாமா? சார் அறையை இருட்டாக்கி ஊதா விளக்கைப் போட்டார். ஜாதகத்தின் நான்கு மூலைகளும் மின்மினிப் பூச்சி மாதிரி மின்னின.

"தாளில் பிற்பாடு ஒரு பொருள் சேர்க்கப்பட்டுள்ளது" என்றார். முக்கியமான நேரங்களில் சார் பேச்சுத் தமிழை விட்டுவிட்டுக் கோர்ட்டுத் தமிழுக்குப் போய்விடுவார்.

வீட்டுக்கு ஓடினேன். "கலா, இந்தச் சம்பந்தம் வேணாம். ஜாதகத்துல என்னமோ சேத்திருக்காய்ங்க!"

"என்னத்தைச் சேத்தாக?"

"தெரியலை. விளக்குல வச்சா மஞ்சளா மின்னுது."

என் மனைவி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நான்தானேங்க மூலைக்கு மூலை மஞ்சள் தடவி சாமிகிட்ட வச்சேன்!"

மறுநாள் சாரிடம் போய்ச் சொன்னேன். "எனக்கு அது மஞ்சள்னு தெரியும்" என்றார்.

"பெறகு ஏன் சார் சொல்லலை?"

"நீங்க கேக்கலை. ஆமா, மதுரையில இருக்குற அம்புட்டுப் பத்திரத்துலயும் மஞ்சளைத் தடவி வச்சிருக்கீங்களே, என் பொழப்பு நடக்கணுமா வேணாமா?"

சம்பந்தம் நல்லபடியாக முடிந்தது. அடுத்தது மண்டபம். இங்கேதான் என் கேலிக்கெல்லாம் சேர்த்து வட்டி கட்டினேன்.

மண்டபத்து மேனேஜர் தங்கமான பிள்ளை. முன்பணத்தை வாங்கிக்கொண்டு ரசீது எழுத உட்கார்ந்தார். அவருடைய பேனா எழுதவில்லை. பையைத் துழாவி இன்னொரு பேனாவை எடுத்தார். ரோஸ் கலர். தலையில் ஒரு பூனை.

"பாப்பாவோட பேனாண்ணே. ஸ்கூலு பையில இருந்து எடுத்துட்டு வந்துட்டேன்."

"எழுதுனாச் சரி" என்றேன். அந்தப் பூனை என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு அப்போது எனக்குப் புரியவில்லை.

ரசீதிலும், புத்தகத்தோடு தங்கிவிடுகிற அடிக்கட்டையிலும், என் பெயர், முகூர்த்த நாள் எல்லாம் எழுதினார். இரண்டிலும் நானும் அதே பேனாவால் கையெழுத்துப் போட்டேன். இத்தனை முக்கியமான காகிதம் கசங்கிவிடக் கூடாதே என்று திரும்பி வரும் வழியிலேயே லேமினேஷன் கடையில் கொடுத்து, பிளாஸ்டிக்குக்குள் அடைத்து, கடையில் போட்டுத் தந்த பையைப் பிரிக்காமலேயே கலாவிடம் நீட்டினேன். அவள் பையோடு வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினாள். போனில் ஒரு போட்டோ எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். கலாவும் கேட்டாள். அன்றைக்கு நான் எடுத்தது மூன்று போட்டோ. மூன்றும் மண்டபத்துக்கு எதிரே சாப்பிட்ட ஆப்பம்.

பத்திரிகை அடித்தோம். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். டி. கல்லுப்பட்டிச் சொந்தக்காரர்கள் வரைக்கும் போய் வைத்துவிட்டு வந்து காலை நீட்டி உட்கார்ந்தேன். மேனேஜரிடமிருந்து போன்.

"அண்ணே, உங்க பத்திரிகையைப் பாத்தேன். ஒரு சின்னக் குழப்பம். அந்த ஞாயித்துக்கெழம மண்டபம் வேற ஒருத்தருக்குப் போயிருச்சு."

"என்னப்பா சொல்ற? ரசீது இருக்குப்பா எங்கிட்ட!"

"அப்ப எடுத்துட்டு வாங்கண்ணே. எங்க புக்குல நீங்க இல்ல."

பீரோவைத் திறந்தேன். பையைப் பிரித்தேன். மண்டபத்தின் பெயர் இருந்தது. பிள்ளையார் படம் இருந்தது. அச்சடித்த கோடுகள் இருந்தன. கோடுகளின் மேல் எதுவும் இல்லை. என் பெயர் இல்லை, நாள் இல்லை, கையெழுத்து இல்லை. பளபளவென்று, கசங்காமல், ஆயுசுக்கும் கெடாதபடி ஒரு வெற்று ரசீது!

முதலில் கண்ணாடியைத் துடைத்தேன். பிறகு லேமினேஷனைத் துடைத்தேன். பிறகு கலா என் நெற்றியைத் துடைத்தாள். அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். எழுத்து பின்பக்கம் போயிருக்குமோ என்று. பதற்றத்தில் மனுஷனுக்கு எதுவும் தோன்றும். லேமினேஷன் பாய்க்குப் போன் போட்டேன்.

"பாய், என் எழுத்தைக் காணோம்!"

"என்ன எழுத்து அண்ணே?"

"ரசீதுல இருந்த எழுத்து. உங்க மிஷின்ல மாட்டிக்கிருச்சான்னு பாருங்க."

"யா அல்லா... அண்ணே, வீட்டுல யாராச்சும் இருக்காகளா? போனை அவுககிட்டக் குடுங்க" என்றார்.

மேனேஜர் நிலைமையும் அதேதான். அவர் ரசீதுப் புத்தகத்தை ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போட்டு, வெயிலில் நிறுத்திவிட்டு ஊர் சுற்றியிருக்கிறார். அடிக்கட்டை வெள்ளையாக இருந்ததும், வீணாய்ப்போன தாள் என்று நினைத்து, பரவை மார்க்கெட்டில் தக்காளிக் கடை வைத்திருக்கிறவருக்கு அதே ஞாயிற்றுக்கிழமையைக் கொடுத்துவிட்டார். மேனேஜரின் அடிக்கட்டையும் வெள்ளை, என் ரசீதும் வெள்ளை. யார் மேல் கோபப்படுவது என்றே எனக்குத் தெரியவில்லை. முந்நூறு பத்திரிகை வெளியே போயிருக்கிறது. மகள் ஒரு பத்திரிகையை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதிலாவது எழுத்து இருக்கிறதா என்று பார்த்தாளோ என்னவோ.

சார் வீட்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவினேன். அவர் ரசீதை வாங்கிப் பார்த்த பார்வையில் ஒரு பிரேதத்தைப் பார்க்கிற துக்கம் இருந்தது.

"லேமினேட் பண்ணுனது யாரு?"

"நான்தான் சார். பத்திரமா இருக்கட்டும்னு..."

"பத்திரமா!" என்று அதட்டினார். "தாளைத் தொட முடியாது, டார்ச் அடிச்சா பிளாஸ்டிக் மினுங்குது. கொன்னுட்டு வந்து உசுரு இருக்கான்னு கேக்குறீங்க." பிறகு குரல் மாறியது. "எழுத்து இருந்தது என்பதற்கு ஆதாரம்?"

"நானே போட்டேன் சார் கையெழுத்து!"

"நீங்க போட்டீங்கன்னு நீங்க சொல்றீங்க. வெத்து ரசீதைக் கொண்டுவந்து ஏமாத்துறவனும் இதையேதான் சொல்லுவான். உக்காருங்க. பத்துத் தடவை கையெழுத்துப் போடுங்க."

எங்கேயாவது என் கையெழுத்து கிடைத்தால் ஒப்பிட வேண்டுமாம். பேனாவைப் பிடித்தேன். ஆயுசு பூராவும் போட்ட கையெழுத்து, எங்கே ஆரம்பிப்பது என்று மறந்துவிட்டது. முதல் கையெழுத்தில் ஒரு சுழி அதிகம். இரண்டாவதில் சுழியே இல்லை. ஆறாவது என் மச்சினன் கையெழுத்து மாதிரி இருந்தது. பத்தாவதைப் பார்த்தபோது, நான் யார் என்பதிலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அந்த நேரத்தில் நான் வரவழைத்திருந்த மேனேஜர் ரசீதுப் புத்தகத்தோடு வந்தார். பின்னாலேயே தக்காளிக்காரரும் வந்தார். ஆறடி உயரம், ஏலம் விட்டுப் பழகிய குரல்.

"இங்க பாருங்கண்ணே, எம்மகளுக்கும் அதே நாளுதான் கல்யாணம். பத்திரிகை அச்சாபீஸ்ல நிக்கிது. எனக்கு எழுத்தோட ரசீது இருக்கு, இவருக்கு எழுத்தில்லாத ரசீது இருக்கு. இதுல கேக்குறதுக்கு என்ன இருக்கு?"

சார் அவரைக் கவனிக்கவே இல்லை. மேனேஜரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எந்தப் பேனா?"

மேனேஜர் வெட்கத்தோடு பூனையை வெளியே எடுத்தார். சாரின் முகம் மலர்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். பேனாவின் பின்பக்கத்து ரப்பரைத் தடவிப் பார்த்தார். ஒரு துண்டுத் தாளில் 'ராஜம்' என்று எழுதினார். அடுப்படிக்குள் போய், காய்ந்துகொண்டிருந்த தோசைக்கல்லுக்கு மேலே தாளைக் காட்டினார். ராஜம் மறைந்துபோனார்.

"சூடு பட்டா இந்த மை நிறத்தை விட்டுரும். தப்பா எழுதுனா ரப்பரை வச்சுத் தேய்ப்பாங்க. தேய்க்கிற சூட்டுல மறைஞ்சுரும். லேமினேஷன் மிஷினும் சூடு, மதுரை வெயில்ல ஸ்கூட்டரும் சூடு. எழுத்து எங்கயும் போகலை தம்பி. கண்ணுக்குத் தெரியலை, அம்புட்டுத்தான்."

"திரும்ப வருமா சார்?"

"கருத்துச் சொல்ல இயலாது" என்றபடி துண்டுத் தாளை ஃப்ரீசரில் வைத்தார். ஒரு காபி குடித்து முடித்துத் திறந்தபோது, வெளிறிப்போய், ஆனால் தெளிவாக, ராஜம் திரும்பி வந்திருந்தார்.

"என் பேரை வச்சா சோதிச்சீங்க?" என்றார் நிஜ ராஜம் அக்கா.

"எனக்கு நல்லாத் தெரிஞ்ச கையெழுத்துல, நல்லாத் தெரிஞ்ச பேரா இருக்கணும்" என்றார் சார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஃப்ரீசரிலிருந்த அயிரை மீன் டப்பாவை எடுத்து இடம் ஒதுக்கிக் கொடுத்தார். என் மகளின் கல்யாணமும் மேனேஜரின் அடிக்கட்டையும் ஒரே தட்டில் உள்ளே போயின.

அந்தக் கதவுக்கு முன்னால் நாங்கள் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்திருந்தால், ஆபரேஷன் தியேட்டர் வாசல் என்று நினைத்திருப்பீர்கள். தக்காளிக்காரர் ஓயாமல் காலை ஆட்டினார். நான் இரண்டு முறை கதவைத் திறக்கப் போனேன். "குளிரு போயிரும்!" என்று இரண்டு முறையும் கையில் அடி வாங்கினேன்.

கதவு திறந்தது. என் பெயர் வந்திருந்தது! கையெழுத்து வந்திருந்தது! எழுந்து குதிக்கப் போனவன், நாள் எழுதியிருந்த இடத்தைப் பார்த்து அப்படியே நின்றேன். 'வெள்ளி'யும் 'ஞாயிறு'ம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்து, வாரத்தில் இல்லாத எட்டாவது கிழமை ஒன்று உண்டாகியிருந்தது. தேதியும் அதே கதி.

"பாத்தீங்களா! வெள்ளிக்கெழமைன்னு எழுதியிருக்கு!" என்று தக்காளிக்காரர் சத்தம் போட்டார். "ஞாயித்துக்கெழமை எனக்குத்தான்!"

நான் வெள்ளி என்றா சொன்னேன்? சொல்லியிருப்பேனோ? கலாவுக்குப் போன் போட்டேன்.

"நீங்கதான் மொதல்ல வெள்ளின்னு ஒளறுனீங்க" என்றாள். "மண்டபத்துல இருந்து எனக்குப் போன் பண்ணுனீங்க, நான் திட்டுனேன், பெறகு ஞாயிறுன்னு மாத்துனீங்க. அதுகூடவா மறந்துபோச்சு?"

"ஆமாண்ணே, நான்கூட ரெண்டு தாளுலயும் ரப்பரை வச்சுத் தேய்ச்சேன்!" என்று மேனேஜருக்கும் அப்போதுதான் நினைவு வந்தது. குளிர், அழித்ததையும் சேர்த்து எழுப்பிக் கொண்டுவந்துவிட்டது.

"அதெல்லாம் வாயில சொல்றது" என்றார் தக்காளிக்காரர். "ஞாயிறுன்னு எழுதிட்டு வெள்ளின்னு மாத்தியிருக்கலாம்ல?"

"நியாயமான சந்தேகம்" என்றார் சார். என்னைக் காப்பாற்ற வந்தவர் அவருக்குத் துணைக்குப் போய்விட்டார்!

பிளாஸ்டிக்குக்குள் இருந்த என் ரசீதை ஒதுக்கிவைத்துவிட்டு, அடிக்கட்டையை மேசையில் விரித்தார். ஜன்னலைச் சாத்தினார். டார்ச்சைத் தாளோடு தாளாகப் படுக்கவைத்து அடித்தார். வெளிச்சம் சாய்ந்து விழுந்ததும், பேனா அழுத்திய கோடுகள் உழுத வயல் மாதிரி எழுந்து நின்றன. லென்ஸோடு குனிந்தவர் நிமிரவே இல்லை. கீழே பரோட்டா கொத்துகிற சத்தமும் என் நெஞ்சும் ஒரே தாளத்தில் அடித்தன.

"தம்பி."

"சார்!"

"வெளிச்சத்தை மறைக்காதீங்க."

கடைசியில் நிமிர்ந்தார். தக்காளிக்காரரைக் கூப்பிட்டு லென்ஸை அவர் கையிலேயே கொடுத்தார். "நீங்களே பாருங்க. வெள்ளியோட கோட்டு மேல ரப்பர் தேய்ச்சு, மழுங்கிப் பளபளன்னு கெடக்கா? ஞாயிறோட கோடு அந்தப் பளபளப்பு மேலயே கூர்மையா விழுந்திருக்கா?"

தக்காளிக்காரர் நெடுநேரம் பார்த்தார். அழுகலை ஒதுக்கிப் பழகிய கண் அது. "ஆமாங்க" என்றார், ஏலக் குரல் இறங்கி.

சார் தொண்டையைச் செருமினார். "ஞாயிறு என்பது பிற்பாடு எழுதப்பட்டது என்பதற்கு வலுவான அறிகுறிகள் உள்ளன."

"அப்புடின்னா?" என்றார் தக்காளிக்காரர்.

"அப்புடின்னா ஆமான்னு அர்த்தம்ணே!" என்றேன் நான்.

"நான் ஆமான்னு சொல்லலை" என்றார் சார். "இன்னொண்ணு. ரசீதுல இருக்குறது உங்க கையெழுத்து மாதிரித்தான் தெரியுது. ஆனா இப்ப எனக்கு முன்னாடி உக்காந்து போட்டீங்களே பத்து, அதுல ஒண்ணுகூட உங்களுது இல்லை."

தக்காளிக்காரர்தான் முதலில் சிரித்தார். வெள்ளிக்கிழமையும் நல்ல முகூர்த்தம்தான். மண்டபமும் காலியாக இருந்தது. அச்சாபீசுக்கு அங்கிருந்தே போன் போட்டு நாளை மாற்றச் சொன்னார். "என்னமோ, எம்பொண்ணு கல்யாணத்துக்கு நீங்க அழிச்ச நாளே வந்து வாச்சிருக்கு" என்று என் தோளில் தட்டினார். மேனேஜரிடம் புது ரசீது வாங்கும்போது மட்டும், தன் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கொடுத்தார்.

எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு சார் வந்திருந்தார். மேடை ஏறியதும் மாப்பிள்ளையை மேலிருந்து கீழே வரைக்கும் பார்த்தார். கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. ராஜம் அக்கா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எப்படி சார் எம்மாப்பிள்ளை?" என்றேன்.

"மேலோட்டமாப் பாத்ததுல திருத்தம் எதுவும் தெரியலை" என்றார். என் மகள் அவர் காலில் விழுந்தாள். அவளைத் தூக்கிவிடும்போது அவருடைய கையில் இருந்த நடுக்கத்துக்கு லென்ஸ் தேவைப்படவில்லை.

அதன் பிறகு எனக்கு அவரிடம் எந்த வேலையும் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கம் போனால் மாடி ஏறிவிடுகிறேன்.

"என்ன விசயம்?" என்பார்.

"ஒண்ணுமில்ல சார். சும்மா வந்தேன்."

கண்ணாடிக்கு மேலே என்னைச் சந்தேகமாகப் பார்ப்பார். ஒரு வேலையும் இல்லாமல் தன்னைப் பார்க்க ஒரு மனிதன் வருவான் என்பதை நம்புவதற்கு அவரிடம் இன்னும் மாதிரி போதவில்லை. சேரட்டும் என்று நானும் போய்க்கொண்டே இருக்கிறேன்.